கழிவு போக முப்பத்தொரு அங்குலம்

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், நாற்பதாவது பிரிவு, உட்பிரிவு இரண்டு-பி. பாடம் பண்ணிய மிருகத் தலையோ, தோலோ, கொம்போ வாரிசாக ஒருவர் கைக்கு வந்தால், தொண்ணூறு நாளுக்குள் அதை அவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதிகாரி விசாரித்து, சரியாக இருந்தால் புதியவர் பெயரில் உரிமைச் சான்றிதழ் தருவார். இதுதான் விதி. இதைப் படித்தபோது எனக்கு ஊர்க்காரனைப் பார்த்தது போல இருந்தது. முப்பத்து மூன்று வருஷம் சுங்கத்துறையில் இருந்தவன் நான். தாளில் அறிவித்ததும் பெட்டியில் கண்டதும் ஒன்றா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

மாமனார் போன தை மாதம் காலமானார். கொச்சி மட்டாஞ்சேரியில், கீழே மூடிக் கிடக்கும் மிளகுப் பண்டகசாலையும் மேலே குடியிருப்புமான வீடு. ஒரே மகளான என் மனைவிக்கு வீட்டோடு சேர்ந்து, முன்னறைச் சுவரில் இருந்த காட்டெருமைத் தலையும் வந்தது. சட்டம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், முறையாக லைசென்ஸ் எடுத்து, மாமனாரும் அவருடைய தம்பியும் மலைக்குப் போய்ச் சுட்டது. அந்தத் தம்பியை நான் சின்ன மாமா என்பேன். எழுபத்தேழு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், இன்றும் அதே வீட்டில் இருப்பவர். வெள்ளிக்கிழமை தோறும் ஸ்டூல் போட்டு ஏறி, கொம்புகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு எண் இருந்தது. முப்பத்தாறு. இரண்டு கொம்புகளின் வெளிவிளிம்புக்கு இடையே உள்ள அகலம், அங்குலத்தில். வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாயா வருவதற்கு முன்னால் முப்பத்தாறு வந்துவிடும். பெண் பார்க்கப் போன அன்று எனக்குப் பெண்ணை அரை நிமிஷம் காட்டினார்கள். தலையைக் கால் மணி நேரம் காட்டினார்கள். "முப்பத்தாறு" என்றார் மாமனார். "முப்பத்தாறு" என்றார் சின்ன மாமா, கோயிலில் பதில் மந்திரம் சொல்வது போல. நான் சம்மதம் என்றேன். எதற்குச் சொன்னேன் என்று அவர்கள் கேட்கவில்லை.

இருபத்திரண்டாவது நாளே மனு கொடுத்துவிட்டேன். மனைவியின் கையொப்பம், வாரிசுச் சான்று, பழைய உரிமைச் சான்றிதழின் நகல், நான்கு கோணங்களில் புகைப்படம், எல்லாம் மூன்று பிரதிகள். வாங்கிக்கொண்ட எழுத்தர் அந்தக் கட்டைப் புரட்டிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். எதிலும் குறை கண்டுபிடிக்க முடியாத மனுவைக் கொண்டுவருகிறவன் எந்த அலுவலகத்திலும் விரும்பப்படுவதில்லை. எனக்குத் தெரியும். நான் மேசைக்கு அந்தப் பக்கமும் இருந்திருக்கிறேன்.

பங்குனி வெயிலில் வந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் அதிகாரி, அவரோடு நரைத்த மீசை வைத்த வனக்காவலர். அதிகாரி மலையாளத்தில் பேசினார், நாங்கள் எங்களுடைய இரண்டும் கலந்த தமிழில் பதில் சொன்னோம். இந்த ஊரில் அது ஒரு தடையே இல்லை. சின்ன மாமா சலவை வேட்டி கட்டி, தலைக்குக் கீழே, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் மைத்துனர் போல நின்றார். "முப்பத்தாறு" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் காவலர் ஏணியில் ஏறிவிட்டார்.

டேப்பை இந்தக் கொம்பிலிருந்து அந்தக் கொம்புக்கு இழுத்தார். எழுபத்தொன்பது சென்டிமீட்டர் என்றார்.

அதிகாரி, முப்பத்தாறு அங்குலம் என்று எழுதியிருந்த பழைய சான்றிதழைப் பார்த்தார். இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். எழுபத்தொன்பது.

என் மனைவி என்னைப் பார்த்தாள். சென்டிமீட்டரில் ஏதாவது இரக்கம் இருக்கும் என்று நினைத்தாள் போல. நான் மனதுக்குள் வகுத்துவிட்டேன். முப்பத்தொன்று, கொஞ்சம் மேலே. நெஞ்சு அடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அது பயமில்லை. பெட்டியைத் திறந்து, தாளில் எழுதாத ஒன்று உள்ளே இருப்பதைக் கண்ட நாட்களில் இப்படித்தான் அடித்துக்கொள்ளும். ஓய்வு பெற்று ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்தத் துடிப்பு திரும்பி வந்திருந்தது, அதுவும் சொந்த மனைவியின் வழக்கில். நானே ஏணியில் ஏறி டேப்பை வாங்கினேன். எப்படிப் பிடித்தாலும் எழுபத்தொன்பதுதான்.

என் பணிக்காலம் முழுவதும் குறைத்து எழுதியவர்களைத்தான் பிடித்திருக்கிறேன். கூட்டி எழுதியவர் என் மாமனார் ஒருவர்தான்.

அதிகாரி மரியாதையாகவே சொன்னார். கொம்பு உலர்ந்து ஐந்து அங்குலம் சுருங்காது. அப்படியானால் சான்றிதழில் இருக்கும் தலை இது இல்லை. அது எங்கே போனது, இது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டாக வேண்டும். பதினைந்து நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் சரியில்லையென்றால் தலையை எடுத்துப் போவார்கள், அதற்கு மேல் வழக்கு. அதுவரை யாரும் அதைத் தொடக் கூடாது.

"வெள்ளிக்கிழமை எண்ணெய்?" என்று சின்ன மாமா கேட்டார்.

"வேண்டா சாரே" என்றார் அதிகாரி.

அவர்கள் போன பிறகு என் மனைவி, அப்பா பொய் சொல்கிறவர் இல்லை என்று மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை அவளுடைய சித்தப்பாவான சின்ன மாமாவைப் பார்த்துச் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"கழிவு விட்டு எழுதினார் மாப்பிள்ளை" என்றார்.

"என்ன கழிவு?"

"ஈரக் கழிவுதான். வேறென்ன."

மட்டாஞ்சேரி மிளகுக்காரர்களைத் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மூட்டை வந்தால் வாங்குகிறவனின் ஆள் கையை உள்ளே விட்டு, ஒரு பிடி எடுத்து, முகர்ந்து பார்த்து, ஈரத்துக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு என்று எடையில் வெட்டுவான். எப்படியும் வெட்டுவான் என்று தெரிந்ததால் விற்கிறவன் முதல் தாளில் கூட்டித்தான் எழுதுவான். வெட்டியது போக நிற்பதுதான் உண்மையான எடை. இதில் பொய் சொன்னதாக ஒருவரும் நினைப்பதில்லை. முதல் தாள் என்பது பேச்சை ஆரம்பிக்கிற மரியாதை, அவ்வளவுதான்.

சட்டம் வந்ததும் மாமனார் பண்டகசாலை மேசையில் உட்கார்ந்து, வனத்துறைப் படிவத்தையும் மிளகுத் தாளைப் போலவே நிரப்பியிருக்கிறார். கொம்பு அகலம் என்ற இடத்தில் முப்பத்தொன்றுக்குப் பதில் முப்பத்தாறு. வருகிறவன் அளந்து பார்த்து, உலர்ந்தது கழிந்தது என்று ஒரு ஐந்தை வெட்டுவான், சரியாக நிற்கும். ஆனால் வெட்டுவதற்கு ஆள் வரவில்லை. எழுதியது எழுதியபடி முத்திரை குத்தி வந்துவிட்டது.

"முதல் வருஷம் ரெண்டு பேரும் சிரிச்சோம்" என்றார் சின்ன மாமா. "அடுத்த வருஷம் அவர் சிரிக்கல்லை. அதுக்கப்புறம் எனக்கும் மறந்துபோச்சு, கேட்டோ."

இதை அப்படியே பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன். தவறாக அறிவித்தவர் மீது நடவடிக்கை எடுக்கலாம்தான், ஆனால் அவர் தை மாதமே எல்லா அலுவலகங்களின் எல்லைக்கும் அப்பால் போய்விட்டார். வேட்டையில் கூட இருந்தவர் என்ற முறையில் சின்ன மாமா கையொப்பம் போட வேண்டும். வேறு சாட்சி உயிரோடு இல்லை.

அவர் மாட்டேன் என்றார். அண்ணன் போய் மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் அவன் கூட்டி எழுதினான் என்று சர்க்காருக்குத் தம்பி எழுதிக் கொடுப்பதா? "நீங்க சுங்கக்காரர் மாப்பிள்ளை. உங்களுக்குப் பார்க்கிறவனெல்லாம் கள்ளன். இனி இந்தத் தெருவில் எனக்கு எவன் முப்பத்தாறு மதிப்பு தருவான்?"

பத்து நாள் இப்படிப் போனது. தினமும் காலையில் நான் வரைவைக் கொண்டுபோய் அவர் முன் வைப்பேன். அவர் அதன் மேல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைப்பார். பதினோராம் நாள் என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, ஈரக் கையோடு நின்று கேட்டாள்.

"சித்தப்பா, தலை வேணுமா, முப்பத்தாறு வேணுமா? ரெண்டில் ஒண்ணுதான் இந்த வீட்டில் இருக்கும்."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு சொன்னது எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

"எனக்கு மற்றது வேணும், மோளே."

"எது மற்றது?"

"அந்த ஆபீசரம்மாவைக் கூப்பிடு. எழுதறதா இருந்தா எல்லாத்தையும் எழுதணும். கொம்பு மட்டும்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வாக்குமூலம் பதிவு செய்ய அதிகாரியும் காவலரும் பதினான்காம் நாள் வந்தார்கள். என் மனைவி அதற்குள் பீரோவைக் குடைந்து ஒரு புகைப்படம் எடுத்து வைத்திருந்தாள். ஜீப்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடக்கும் காட்டெருமை, அருகில் இரண்டு சகோதரர்கள். இடது கொம்பின் நுனியில் ஒரு சில்லு பெயர்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. காவலர் ஏணியில் ஏறிப் பார்த்து, அதே சில்லு என்றார். அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது. எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. படத்தில் இருவரும் மிருகத்தையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. அந்த வயசில் ஒரு பெரிய மிருகத்தை வீழ்த்தியவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றிருந்தார்கள்.

சின்ன மாமா கழிவுக் கதையை நாலு வரியில் முடித்தார். அதிகாரி எழுதிக்கொண்டு, போதும் என்று பேனாவை மூடப் போனார்.

"இது சின்னது சாரே" என்றார் சின்ன மாமா அதிகாரியிடம், சுவரைக் காட்டி. "நாங்க போனது இதுக்கில்லை."

லைசென்ஸ் பதினைந்து நாளுக்கு, ஒரு ஆண் மிருகத்துக்கு. பன்னிரண்டாம் நாள் காலை ஒரு குளம்புத் தடம் பார்த்தார்கள். விரல்களை விரித்துக் கையை அதற்குள் வைத்தால் சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது. தனி ஆண். அன்று முழுக்க அதன் பின்னால் போனார்கள். சாணம் சூடாக இருந்தது. மத்தியானம் மழை பிடித்துத் தடம் கலைந்தது. ராத்திரி ஒரு பாறையடியில் அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் திரும்பவும் தடம் கிடைத்தது, திரும்பவும் போனது. கதையில் இந்த இடத்துக்கு வந்ததும் சின்ன மாமா எழுந்துவிட்டார். மூலையில் இருந்த குடையை எடுத்துக்கொண்டார்.

"காற்று எங்கே இருந்தது?" என்று காவலர் கேட்டார். அதுவரை பேசாதிருந்தவர்.

"முகத்துக்கு நேரே."

"அப்போ சரி."

பதினான்காம் நாள் விடியல். மூங்கில். சின்ன மாமா பிரம்பு சோபாவுக்குப் பின்னால் குனிந்து நடந்தார், ஒரு கால் வைத்து, நின்று, மறு கால் வைத்து. காவலர் கேட்காமலேயே எழுந்து போய், மாடிப்படி வாசலில் நின்றுகொண்டார். மிருகம் அங்கேதான் நிற்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. என் மனைவி தட்டில் கோப்பையைக் கிணுங்கவிட்டாள். அதிகாரி உதட்டில் விரலை வைத்தார். நான் எங்கே இருந்தேன் என்று பிறகுதான் கவனித்தேன். அறுபத்தேழு வயசில், வலிக்கிற முழங்காலோடு, சோபாவுக்குப் பின்னால் சின்ன மாமாவுக்கு அடுத்தவனாகக் குந்தியிருந்தேன்.

முதலில் மூச்சுதான் கேட்டதாம். துருத்தி போல. பிறகு மூங்கில் விலகி, முப்பது அடி தூரத்தில் அது வெளியே வந்தது. கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை, முதுகில் மேடு. மூக்கிலிருந்து ஆவி. கொம்பைப் பார்க்கவே தோன்றவில்லை என்றார். அண்ணன் துப்பாக்கியைத் தூக்கினார். அது தலையைத் திருப்பி அவர்களை நேராகப் பார்த்தது.

குடை நடுங்காமல் காவலரின் நெஞ்சை நோக்கி நின்றது. தெருவில் மீன்காரரின் ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஒருவரும் அசையவில்லை.

"நான் பின்னாலிருந்து 'போடுண்ணா'ன்னேன். அண்ணன் மெதுவா, 'இருடா, பார்த்துக்கறேன்'னார்."

எவ்வளவு நேரம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அது திரும்பி, ஓடாமல், நடந்து போனது. மூங்கில் மூடிக்கொண்டது. அண்ணன் ஈரச் சருகில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கை கால் எல்லாம் உதறச் சிரித்தார். தம்பியும் சிரித்தார். கூட வந்த வழிகாட்டி, இரண்டு பேருக்கும் காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம். "அதுதான் சாரே வேட்டை. அந்த மூணு நாள்."

"அப்போ இது?" என்றார் அதிகாரி. பேனாவை இன்னும் மூடவில்லை.

மறுநாள் லைசென்ஸ் கடைசி நாள். வெறுங்கையோடு போனால் பஜார் முழுக்கக் கேட்கும். திரும்புகிற வழியில் சதுப்புப் பக்கம் ஒரு இளசு புல் மேய்ந்துகொண்டிருந்தது. ஜீப்பை நிறுத்தி, இறங்கி, சுட்டார்கள். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். "அதில் எனக்கு ஞாபகம் இருக்கறது டிரைவர் பீடி பத்தவச்சது மட்டும்தான்." அவர் குடையை மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. முகம் சிவந்து, இருபது வயசு குறைந்திருந்தது. "கழிவுன்னுதான் அண்ணன் சொன்னார். எனக்கென்னமோ, அந்த அஞ்சு அங்குலம் மற்றதோடதுன்னு தோணும்."

காவலர் மாடிப்படி வாசலிலிருந்து மெதுவாக நகர்ந்து வந்தார். அது சீறியதா என்று கேட்டார். இல்லை என்றார் சின்ன மாமா. வயசான தனி ஆண் அப்படித்தான், சீறாது என்றார் காவலர். அதற்கு மேல் இருவரும் அந்தக் குளம்பின் அளவைப் பற்றி, நாங்கள் இருப்பதையே மறந்து, அரை மணி நேரம் பேசினார்கள்.

அதிகாரிக்குச் சங்கடம். அனுபவித்துக் கேட்டார், ஆனால் கோப்பில் அந்த இரண்டாவது மிருகத்துக்கு வேலை இல்லை. சுடப்படவில்லை, கைவசம் இல்லை. அதை விட்டுவிட்டுக் கையொப்பம் வாங்கலாமே என்றார். சின்ன மாமா கைகளைக் கட்டிக்கொண்டார். இங்கேதான் என் முப்பத்து மூன்று வருஷம் உதவியது. எந்தப் பிரமாணப் பத்திரத்திலும் கடைசியில் 'இதர விவரங்கள்' என்று ஒரு பத்தி வைத்துக்கொள்ளலாம், அதில் பொய் இல்லாதவரை எதை எழுதவும் தடையில்லை என்றேன். ஏழாவது பத்தியாக அது போயிற்று. முதல் ஆறு பத்திகளும் சேர்ந்து முக்கால் பக்கம், ஏழாவது மட்டும் ஒன்றரைப் பக்கம். காற்று முகத்துக்கு நேரே இருந்தது என்பதையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். நோட்டரி வக்கீல் முத்திரை குத்துவதற்கு முன்னால் ஏழாவது பத்தியை இரண்டு தடவை படித்தார், நோட்டரிகள் எதையும் படிக்கிற வழக்கம் இல்லாதவர்கள்.

கொடுத்தது சித்திரையில். பிறகு ஒன்றும் இல்லை. வைகாசியில் நினைவூட்டல் அனுப்பினேன், ஆனியில் இன்னொன்று, ஒப்புகை அட்டையோடு. பரிசீலனையில் இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னார்கள். அந்தச் சொல்லை நானும் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அதனால் அதன் ஆழம் எனக்குத் தெரியும். தலை எடுத்துப் போகப்படுமா இருக்குமா என்று தெரியாமல் அப்படியே தொங்கியது. எண்ணெய் இல்லாமல் கொம்புகள் வெளுத்தன. சின்ன மாமா வெள்ளிக்கிழமைகளில் கீழே நின்று பார்ப்பதோடு சரி.

ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவர் இப்போது வேறு சொன்னார். "முப்பத்தொன்று" என்று ஆரம்பிப்பார், தயக்கமில்லாமல். கேட்டவர் சரி என்று தலையாட்டுவதற்குள், "இது சின்னது, கேட்டோ" என்று குடைக்குக் கை நீளும். நாற்பது வருஷமாக முப்பத்தாறு கேட்டுவிட்டு அடுத்த நிமிஷம் மின்வெட்டைப் பற்றிப் பேசியவர்கள், இப்போது சோபா விளிம்பில் உட்கார்ந்து, பின்னே, பின்னே என்றார்கள். காயலுக்கு அக்கரையில் தேவராவிலிருந்து வந்த என் பழைய சகா ஒருவர் கடைசிப் படகைத் தவறவிட்டார். மாடிப்படி வாசலில் நிற்க எப்போதும் ஒருவர் கிடைத்தார். சில நாள் நானே நின்றேன். குடை நெஞ்சுக்கு நேரே வரும்போது, எத்தனையாவது தடவையாக இருந்தாலும், எனக்கு மூச்சு நின்றுவிடும்.

கடைசியில் பதிவுத் தபாலில் வந்தது. மனைவி பெயரில் உரிமைச் சான்றிதழ், கொம்பு அகலம் எழுபத்தொன்பது சென்டிமீட்டர், பழைய பதிவு பிரமாணப் பத்திரத்தின் அடிப்படையில் திருத்தப்பட்டது. என் மனைவி அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எண்ணெய்க் கிண்ணம் எடுக்கப் போனாள். கூட ஒரு கடிதம், மலையாளத்தில். நான் சின்ன மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வாக்கியம் இது: பிரமாணப் பத்திரத்தின் ஏழாவது பத்தியில் குறிப்பிட்ட இரண்டாவது விலங்கு மனுதாரரின் கைவசம் இருப்பதாகச் சொல்லப்படாததால், அதற்குச் சான்றிதழ் வழங்க வழியில்லை.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். "நம்ம கையில் இல்லையே." அந்தக் கடிதத்தை மட்டும் வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சான்றிதழை என்னிடமே விட்டுவிட்டார்.

உறை மேல் முத்திரை ஆகஸ்ட் இருபத்தெட்டு. எங்கள் மாடிப்படியில் வந்து சேர்ந்தது செப்டம்பர் இரண்டு, ஓணத்துக்கு மூன்று நாள் முன்னால்.